நீரைப் பிரிக்கும் மின்வாய்கள்

கிழக்கிலங்கையில் மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீண்டு செல்லும் ஊர்கள் இரு நீர்ப்பரப்புகளுக்கு இடையே அமைந்தவை. கிழக்கே வங்கக் கடல். மேற்கே களப்பும் வாய்க்காலும் வயல்வெளியும். கடலை நம்பி வாழ்வோர் பலர்; வெள்ளாமையை நம்பி வாழ்வோர் பலர். 2021 ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் இவ்விரு சாராரையும் ஒரே வகைத் துன்பம் இரு வடிவிற் பற்றியது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஆண்டு முடியுமுன் அத்தடை நீங்கிய போதிலும், யூரியா வேண்டிய வேளையில் வயலுக்கு வந்து சேரவில்லை; பெரும்போக விளைச்சல் வெகுவாகக் குன்றியது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது டீசலும் மண்ணெண்ணெயும் அருகின. படகுகள் மணலில் ஓய்ந்து கிடந்தன. வயலுக்கு நீர் இருந்தது, பசளை இல்லை. கடலில் மீன் இருந்தது, எரிபொருள் இல்லை.

பசளையும் எரிபொருளும் வெவ்வேறு கடைகளில் விற்கப்படும் வெவ்வேறு பண்டங்களாகவே தோன்றுகின்றன. இரசாயன அறிஞருக்கு அவை நெருங்கிய உறவினர். டீசலும் மண்ணெண்ணெயும் ஐதரசனும் காபனும் கூடிய பொருள்கள். யூரியாவுக்கு அடிப்படை அமோனியா. அமோனியாவோ நைதரசனும் ஐதரசனும் கூடியது. நைதரசன் காற்றில் ஐந்தில் நான்கு பங்காக நிறைந்திருக்கிறது. அதனை எவரும் விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. விலை முழுவதும் ஐதரசனிலேயே தங்கியுள்ளது. இன்று உலகம் ஆண்டுதோறும் 9 கோடித் தொன்னுக்கு மேற்பட்ட ஐதரசனைப் பயன்படுத்துகிறது. அதில் மிகப் பெரும் பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுவது. மின்சாரத்தால் நீரைப் பிரித்துப் பெறப்படுவது நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவே. ஆதலின், வாயுவும் எண்ணெயும் இல்லாத நாடு பசளைக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க நேர்கிறது.

ஆயினும் ஐதரசன் இல்லாத நாடு எதுவுமில்லை. ஒவ்வொரு துளி நீரிலும் அது சிறைப்பட்டிருக்கிறது. சிறையைத் திறக்கும் திறவுகோல் மின்சாரம். அத்திறவுகோல் எவ்வளவு எளிதாகத் திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது மின்வாயின் மேற்பரப்பு. அம்மேற்பரப்பை ஆக்கும் கலையைப் பற்றியதே இப்பேச்சு.

முதலில் ஒரு சிறு கணக்கு. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மூடை யூரியாவை ஆக்குவதற்கு ஏறத்தாழ 28 கிலோகிராம் அமோனியா வேண்டும். அவ்வமோனியாவினுள் இருப்பது ஏறத்தாழ 5 கிலோகிராம் ஐதரசன். ஒரு கிலோகிராம் ஐதரசனை வெளிப்படுத்த 9 லீற்றர் நீர் பிரிக்கப்படல் வேண்டும். எனவே ஒரு மூடைக்கு 45 லீற்றர் நீர் போதும். ஒரு வீட்டுக் கிணற்றில் ஒரு சில வாளிகளால் மொண்டெடுக்கக்கூடிய நீர் அது. நீர் ஒரு தடையன்று. தடை மின்சாரமே. எவ்வித இழப்புமில்லாத இலட்சிய நிலையிலும், ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு 39 அலகுக்கு மேற்பட்ட மின்சாரம் செலவாகும். நடைமுறையில் இன்றைய ஆலைகள் 50 முதல் 55 அலகு வரை செலவிடுகின்றன. அதாவது, ஒரு மூடை யூரியாவின் ஐதரசனுக்கு மாத்திரம் 250 அலகுக்குக் குறையாத மின்சாரம் வேண்டும். இலட்சியக் கணக்கின்படி 200 அலகு போதுமாயிருந்தது. எஞ்சிய 50 அலகும் அதற்கு மேற்பட்டதும் வெறும் வெப்பமாகக் கலத்திற் கழிகின்றன. இந்த இழப்பைக் குறைப்பதே மின்னூக்கி ஆய்வின் முதல் நோக்கம். குறைத்த இழப்பு பல ஆண்டுகளுக்குக் குறைந்தபடியே நிலைத்திருக்கச் செய்வது இரண்டாவது நோக்கம். இரண்டாவதே கடினமானது.

நீரை மின்சாரத்தாற் பிரிக்கலாம் என்பது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. 1800 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்டா தம் மின்கல அடுக்கைப் பற்றி அறிவித்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் நிக்கல்சன், அந்தனி கார்லைல் என்ற இருவர் அத்தகைய அடுக்கொன்றிலிருந்து இரு பித்தளைக் கம்பிகளை நீரினுள் செலுத்தினர். ஒரு கம்பியில் ஐதரசன் குமிழிகள் எழுந்தன. மற்றைக் கம்பியிலோ வாயு எழவில்லை. கம்பிதான் கறுத்து அரிக்கப்பட்டது. பித்தளைக்குப் பதிலாகப் பிளாற்றினக் கம்பிகளைப் பயன்படுத்தியபோதே இருபுறமும் வாயு எழுந்தது: ஒருபுறம் ஐதரசன், மறுபுறம் ஒட்சிசன். இச்சோதனையைப் பாடசாலை ஆய்வுகூடத்திற் கண்ட நேயர் பலர் இருப்பர். இத்துறையின் முழுச் சிக்கலும் அம்முதற் சோதனையிலேயே வெளிப்பட்டுவிட்டது என்பதே கவனிக்கத்தக்கது. மலிவான உலோகம் அழிகிறது. அழியாத உலோகம் மலிவாக இல்லை. 1834 இல் மைக்கேல் பரடே மின்வாய்களுக்கும் மின்பகுபொருளுக்கும் பெயர் சூட்டி, செல்லும் மின்னின் அளவுக்கும் வெளிப்படும் வாயுவின் அளவுக்கும் உள்ள மாறாத தொடர்பை நிலைநாட்டினார். ஆனால், விலைக்கும் ஆயுளுக்கும் இடையேயுள்ள பிணக்கு அன்று தொட்டு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

பரடேயின் விதி ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு இவ்வளவு மின்னேற்றம் என்பது இயற்கை வகுத்த கணக்கு. அதனை எவராலும் குறைக்க இயலாது. குறைக்கக்கூடியது, அம்மின்னேற்றத்தைத் தள்ளும் அழுத்தமே. நீரைப் பிரிக்கக் கொள்கையளவில் வேண்டியது 1.23 வோல்ற்று. வேண்டிய வெப்பத்தையும் மின்சாரமே கொடுப்பதானால் 1.48 வோல்ற்று. ஆலைக் கலங்களோ 1.8 முதல் 2 வோல்ற்று வரையில் இயங்குகின்றன. ஒரு வோல்ற்றின் பத்தில் ஒரு பங்கு மிகுந்தால், ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு ஏறத்தாழ 2.7 அலகு மின்சாரம் மிகையாகச் செலவாகும். யூரியா மூடைக் கணக்கில் அது 13 அலகு. மின்வாயின் மேற்பரப்பில் அறிஞர் ஒருவர் செய்யும் சிறு திருத்தம், ஈற்றில் விவசாயியின் மூடை விலையில் வந்து நிற்கிறது.

இம்மிகை அழுத்தம் எதனால் ஏற்படுகிறது? நீர் மூலக்கூறு மின்வாயின் மேற்பரப்பை அடைந்து, அதனோடு சற்றுப் பிணைந்து, உடைந்து, பின் வாயுவாக விலகிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு மேடு உண்டு. அம்மேட்டைத் தாழ்த்துவதே ஊக்கியின் வேலை. ஊக்கி தான் செலவாவதில்லை. வேலையை நடத்திக் கொடுத்துவிட்டு மீண்டும் அடுத்த வேலைக்கு ஆயத்தமாகிறது. மருதமுனைத் தறிகளில் நாடா இங்குமங்கும் ஓடிப் புடைவையை ஆக்குகிறது. ஆனால் அந்நாடா புடைவையோடு சேர்ந்து விற்பனைக்குப் போவதில்லை. ஊக்கியும் அத்தகையதே. ஆயினும் பல்லாயிரம் முறை ஓடிய நாடா தேய்வது போல ஊக்கியும் காலத்தாற் தேய்கிறது.

எந்தப் பொருள் நல்ல ஊக்கி ஆகும் என்பதற்குப் பிரெஞ்சு அறிஞர் போல் சபற்றியே ஒரு விதியைக் கண்டார். 1912 இல் நோபெல் பரிசு பெற்றவர் அவர். ஊக்கியின் மேற்பரப்பு வந்த பொருளை மிக இறுக்கமாகவும் பற்றக்கூடாது. மிகத் தளர்வாகவும் விடக்கூடாது என்பதே அவ்விதியின் சாரம். ஓடத்துறையை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஓடம் துறையிற் சற்றும் கட்டுண்ணாவிட்டால் ஆட்கள் இறங்க முடியாது. கட்டிய கயிறு அவிழாவிட்டால் அடுத்த ஓடத்துக்கு இடமில்லை. கட்டுவதும் எளிதாய், அவிழ்ப்பதும் எளிதாய் உள்ள துறையே பலரைக் கரை சேர்க்கும். 1958 இல் ரோஜர் பார்சன்ஸ் இக்கருத்தை ஐதரசன் வெளிப்படும் மின்வாய்க்குக் கணக்கு வடிவிற் பொருத்திக் காட்டினார். 1972 இல் இத்தாலியரான செர்ஜியோ திரசாத்தி பல உலோகங்களின் அளவீடுகளைத் திரட்டி ஒரே வரைபடத்தில் இட்டபோது, அது எரிமலையின் உருவில் எழுந்தது. ஒரு சரிவில் மிக இறுகப் பற்றும் உலோகங்கள். மறு சரிவில் மிகத் தளரப் பற்றும் உலோகங்கள். உச்சியின் அருகே பிளாற்றினமும் அதன் இனத்தவையும். ஈயமும் இரசமும் அடிவாரத்தில். நிக்கல் நடுவழியில் நின்றது.

நடுவழியில் நின்ற நிக்கலை உச்சியை நோக்கி ஏற்றுவது எவ்வாறு? இதற்கு அறிஞர் இரு வழிகளைக் கண்டனர். ஒன்று, பரப்பைப் பெருக்குதல். நிக்கலையும் அலுமினியத்தையும் சேர்த்து உருக்கிய கலப்புலோகத்தைச் செறிந்த காரத்தில் இட்டால் அலுமினியம் கரைந்து போகும். எஞ்சும் நிக்கல் கடற்பஞ்சு போன்று துளை நிறைந்திருக்கும். அமெரிக்கராகிய மரே ரேனி 1920களில் கண்ட இம்முறை இன்றும் காரக் கலங்களிற் கையாளப்படுகிறது. மற்றொன்று, பற்றும் வலிமையையே மாற்றுதல். மொலிப்டினம் போன்ற பிறிதோர் உலோகத்தை நிக்கலோடு கலந்தால், ஐதரசன் வந்து பற்றும் இடத்தின் இயல்பு மாறி, வேண்டிய மிகையழுத்தம் குறைகிறது.

மொலிப்டினம் வேறொரு பாடமும் புகட்டியது. மொலிப்டினமும் கந்தகமும் கூடிய சல்பைட்டு, இயந்திரங்களுக்கு இடும் மசகுப் பொருளாக நெடுங்காலம் அறியப்பட்டது. மின்வாயாக அது பயனற்றது என்றே எண்ணினர். 2005 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர், சில நுண்ணுயிர்களின் நொதியங்கள் ஐதரசனைக் கையாளும் விதத்தை ஆராய்ந்தபோது, இச்சல்பைட்டுப் படலத்தின் விளிம்பிலுள்ள கந்தக அணுக்களும் அதே இயல்பு உடையன எனக் கணித்தனர். 2007 இல் சோதனை அதனை மெய்ப்பித்தது. படலத்தின் அகன்ற முகம் சோம்பிக் கிடக்கிறது; மெல்லிய விளிம்பே உழைக்கிறது. ஆகவே விளிம்பு மிகுமாறு பொருளை நுணுக்கி அமைப்பதே திறமை ஆயிற்று. ஊக்கியை ஆக்குவோர் எந்தப் பொருள் என்பதோடு நில்லாமல், அப்பொருளின் எந்த இடம் வேலை செய்கிறது என்றும் கேட்கத் தொடங்கினர்.

இதுவரை கூறியது ஐதரசன் எழும் எதிர்மின்வாயின் கதை. ஒட்சிசன் எழும் நேர்மின்வாயின் கதை இதனினும் கடினம். ஐதரசன் மூலக்கூறொன்று பிறக்க இரு இலத்திரன்கள் கைமாறினால் போதும். ஒட்சிசன் மூலக்கூறொன்று பிறக்க நான்கு இலத்திரன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறி, இரு ஒட்சிசன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைய வேண்டும். நான்கு மேடுகளையும் ஒருங்கே தாழ்த்தும் பொருள் அரிது. மின்பகுப்புக் கலத்தின் பெரும் இழப்பு இம்மின்வாயிலேயே நிகழ்கிறது. அதன்மேல் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. ஒட்சிசன் எழும் இடத்தில் உலோகங்கள் எளிதில் அரிக்கப்படும். 1800 இல் நிக்கல்சனின் பித்தளைக் கம்பி கறுத்ததும் இதனாலேயே.

அமில ஊடகத்தில் இயங்கும் கலங்களில் இவ்வெப்புறத்தையும் தாங்கி நிற்பது இரிடியத்தின் ஒட்சைட்டு. ருதேனிய ஒட்சைட்டு அதனினும் சுறுசுறுப்பானது. ஆனால் மெல்ல மெல்லக் கரைந்து போகும். வேகமுள்ளது நிலைப்பதில்லை, நிலைப்பது சற்று மந்தமாயினும் விடாது உழைக்கிறது. இரிடியத்தையே தேர்ந்தெடுக்கலாம் என்றால், உலகம் முழுவதிலும் ஆண்டொன்றுக்கு அகழப்படும் இரிடியம் ஏறத்தாழ 7 அல்லது 8 தொன் மாத்திரமே. அதிலும் பெரும்பகுதி தென்னாபிரிக்காவின் பிளாற்றினச் சுரங்கங்களில் துணைப்பொருளாகக் கிடைப்பது. அதனை அடித்தளமாகக் கொண்டு உலகின் பசளைத் தேவையை நிறைவேற்ற எண்ணுவது, ஒரு கிணற்றை நம்பி ஒரு கண்டத்தின் வயலுக்கு நீர்பாய்ச்ச எண்ணுவதை ஒக்கும்.

கார ஊடகம் இவ்வகையிற் கருணை உடையது. காரத்தில் நிக்கலும் இரும்பும் அழியாது நிற்கும். இங்கேயும் ஒரு வியப்பு உண்டு. நிக்கல் மின்வாயில் மிகச் சிறிதளவு இரும்பு கலந்தாலே ஒட்சிசன் எளிதாக எழுகிறது என்பதை 1987 இல் டெனிஸ் கொரிகன் முறையாக அளந்து காட்டினார். நிக்கல் தனித்தே நல்ல ஊக்கி என்று பலர் எண்ணியிருந்தது, காரத்தில் மாசாகக் கலந்திருந்த இரும்பின் விளைவு என்பது பின்னாளிற் தெளிவாயிற்று. 2014 இல் அமெரிக்காவின் ஒரேகன் பல்கலைக்கழகத்தினர் இரும்பை முற்றாக நீக்கிய காரத்தில் ஆய்ந்து இதனை ஐயந்திரிபற நிறுவினர். இரும்பும் நிக்கலும் உலகெங்கும் கிடைப்பவை. ஒரு வறிய நாடும் விரும்பி நாடக்கூடிய ஊக்கி இதுவே எனலாம்.

இனி, நிலைபேற்றைப் பற்றிச் சிந்திப்போருக்குக் கரையோர ஊர்களைவிடச் சிறந்த பாடசாலை இல்லை. யன்னற் கம்பியும் கூரை ஆணியும் துவிச்சக்கர வண்டியின் சங்கிலியும் உப்புக் காற்றில் எவ்வளவு விரைவாகத் துருவேறுகின்றன என்பதைக் கல்முனைக் குடிமக்கள் நன்கு அறிவர். மின்பகுப்புக் கலம் ஒன்று பத்தாண்டுகள் இடையறாது இயங்குவதாயின் 87,600 மணி நேரம் உழைக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒரு புதிய ஊக்கியை 20 மணி நேரமோ 100 மணி நேரமோ சோதித்து, நன்று என்று எழுதிவிடுவது எளிது. 100 மணி நேரம் என்பது நான்கு நாள் மாத்திரமே. புதிய படகு முதல் நான்கு நாளில் ஒழுகவில்லை என்பதைக் கொண்டு அது பத்தாண்டு மிதக்கும் என்று எவரும் உறுதி கூறார்.

ஊக்கி அழியும் வழிகள் பல. சில அணுக்கள் கரைந்து நீரோடு போகின்றன. எழும் குமிழிகள் பூச்சைச் சுரண்டி உதிர்க்கின்றன. நீரிலுள்ள கல்சியமும் மகனீசியமும் படிந்து மேற்பரப்பை மூடுகின்றன. கலத்தை நிறுத்தும்போது மின்னோட்டம் சிறிது நேரம் எதிர்த்திசையிற் பாய்வதால் எதிர்மின்வாயிலுள்ள நிக்கல் ஒட்சியேற்றமடைந்து கெடுகிறது. இவ்விறுதிக் குறை, சூரிய ஒளியை நம்பும் நாடுகளுக்குப் பெரிது. அணைக்கட்டு மின்சாரம் இரவும் பகலும் ஒரு சீராக வரக்கூடும். சூரிய மின்சாரமோ காலையில் எழுந்து மாலையில் அடங்குவது. முகில் கடந்தாலும் தளர்வது. ஆண்டொன்றில் 365 முறை விழித்து உறங்கியும் கெடாத மின்வாயே வெப்பவலய நாட்டுக்கு ஏற்றது.

நிலைபேற்றுக்கு வழிகாட்டிய கண்டுபிடிப்பு ஒன்று உப்புநீர்த் தொழிலிலிருந்து வந்தது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் குளோரீனும் எரிசோடாவும் ஐதரசனும் கிடைக்கும். இலங்கையில் 1950களில் பரந்தனில் அமைந்த இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கொண்டு இம்முறையிற் குளோரீனையும் எரிசோடாவையும் ஆக்கியது. உள்நாட்டுப் போர் அதனை ஓயச் செய்தது. பழைய ஆலைகளில் நேர்மின்வாய் காரீயத்தால் ஆனது. அது நாளுக்கு நாள் தேயும். தேயத் தேய இரு மின்வாய்களுக்கும் இடைவெளி அகன்று மின்செலவு ஏறும். 1960களில் ஹென்றி பேர் என்பார் தைத்தேனியத் தகட்டின் மீது ருதேனிய ஒட்சைட்டைப் பூசி, வடிவம் மாறாத மின்வாயை உருவாக்கினார். தைத்தேனியம் அடித்தளமாக நின்று தாங்குகிறது. மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஊக்கியாக உழைக்கிறது. அரிய உலோகம் கிராம் கணக்கிற் செலவாக, மலிவான உலோகம் பாரத்தைச் சுமக்கும் இந்த ஏற்பாடு, மின்னூக்கிக் கலையின் மிகச் சிறந்த தத்துவங்களுள் ஒன்று.

தமிழகத்தின் காரைக்குடியில் இத்துறைக்கென்றே ஒரு நிறுவனம் உண்டு. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் வழங்க, 1948 ஜூலையில் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 ஆம் நாள், பொங்கலன்று, எஸ். இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். தைத்தேனிய அடித்தளம் கொண்ட அழியா மின்வாய்களை இந்திய எரிசோடா ஆலைகளுக்காக உருவாக்கியது இந்நிலையத்தின் பெரும் பணிகளுள் ஒன்று. பாக்கு நீரிணையை அடுத்த மண்டபத்தில் கடற்காற்றிலும் கடல்நீரிலும் உலோகங்கள் எவ்வாறு அரிக்கப்படுகின்றன என்பதைச் சோதிக்கும் கூடமும் இதனைச் சேர்ந்தது. ஈழத்துக்கு அயலான அக்கடலில் ஆண்டுக்கணக்கில் தொகுத்த அனுபவம், இக்கரைக்கும் பெரிதும் பொருந்துவதாகும்.

நிலைபேற்றைத் தேடியோர் மற்றொரு வழியையும் கண்டனர். 2008 இல் அமெரிக்காவிலே மத்தியூ கானன், டானியல் நொசெரா ஆகிய இருவர் கோபாற்றும் பொசுபேற்றும் அடங்கிய ஒரு படலத்தை ஆக்கினர். அதன் கோபாற்று சிறிது சிறிதாகக் கரைகிறது. ஆனால் நீரிலுள்ள பொசுபேற்றின் துணையால் மீண்டும் மின்வாயிலேயே வந்து படிகிறது. தேய்வதும் தேறுவதும் ஒருங்கே நிகழ்வதால் படலம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. புண் ஆறும் உடலைப் போன்ற மின்வாய் அது.

கடலருகே வாழ்வோர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. எல்லையற்ற கடல்நீரை நேரே கலத்தில் ஊற்றிவிட்டால் என்ன? இங்கே குளோரீன் குறுக்கிடுகிறது. கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு உண்டு. ஒட்சிசன் எழுவதற்கும் குளோரீன் எழுவதற்கும் வேண்டிய அழுத்தங்கள் ஒன்றையொன்று நெருங்கியவை. குளோரீனுக்கு இரு இலத்திரன்களே போதுமாதலின் அது முந்திக்கொள்கிறது. குளோரீன் நச்சு வாயு, உலோகங்களை அரிப்பது. காரம் மிகுந்த கரைசலில் ஒட்சிசனுக்கு ஏறத்தாழ அரை வோல்ற்று அளவு முன்னுரிமை கிடைக்கிறது. ஆகவே குளோரீன் எழுமுன் வேலையை முடித்துவிடும் ஊக்கி இருந்தால் இடர் நீங்கும். 2019 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் நிக்கல் சல்பைட்டின் மேல் நிக்கல்–இரும்புப் படலத்தைப் பூசிய மின்வாயொன்றைக் காரம் கலந்த கடல்நீரில் 1,000 மணி நேரத்திற்கு மேல் இயக்கிக் காட்டினர். மேற்பரப்பில் உருவாகும் எதிர்மின்னேற்றத் தொகுதிகள் குளோரைட்டை எட்டி நிற்கச் செய்தன.

இது அரிய சாதனையே. ஆயினும் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி நன்னீராக்க, ஒரு கனமீற்றருக்கு 3 அல்லது 4 அலகு மின்சாரம் வேண்டும். ஒரு மூடை யூரியாவுக்கு வேண்டிய 45 லீற்றருக்கு அது ஓர் அலகின் ஐந்தில் ஒரு பங்கையும் எட்டாது. 250 அலகு செலவாகும் வேலையில் இச்சிறு பங்கை மிச்சம்பிடிப்பதற்காகக் கலத்தின் ஆயுளைப் பணயம் வைப்பது விவேகமாகாது. முதலில் நீரைத் தூய்மையாக்கி, பின்னர் பிரிப்பதே இன்றைய நிலையில் ஏற்ற வழி. எஞ்சும் உவர்நீரைக் களப்பிலும் கரைவலை இழுக்கும் இடங்களிலும் விடாமல் ஒழுங்குசெய்ய வேண்டுவது மாத்திரம் தனிக் கவனத்துக்குரியது. ஆக, கிழக்குக் கரையின் தேவை கடல்நீரை வெல்லும் விந்தை மின்வாயன்று. மலிவான, நீண்டகாலம் உழைக்கும், தினமும் நிறுத்தி எழுப்பினும் கெடாத மின்வாயே.

நீரிலிருந்து பசளை என்பது புதிய கனவுமன்று. இந்தியாவின் நங்கல் நகரில் 1960களின் தொடக்கத்தில், பக்ரா அணைக்கட்டு மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து ஐதரசனும், அதிலிருந்து பசளையும் ஆக்கப்பட்டன. 1962 இல் அதனை ஒட்டியே இந்தியாவின் முதலாவது பாரநீர் நிலையமும் எழுந்தது. காலப்போக்கில் அம்மின்சாரத்துக்கு வேறு தேவைகள் பெருகின. அவ்வாலையும் எண்ணெயை நாடி, பின்னர் இயற்கை வாயுவை நாடியது. வேதியியல் தோற்கவில்லை, மின்சாரத்தின் விலையே வென்றது. இன்று சூரிய மின்சாரத்தின் விலை வீழ்ந்திருப்பதால் அப்பழைய வழி மீண்டும் திறக்கிறது. 2023 ஜனவரியில் இந்திய அரசு 19,744 கோடி ரூபா ஒதுக்கித் தேசியப் பசுமை ஐதரசன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030 அளவில் ஆண்டுக்கு 50 இலட்சம் தொன் ஆக்குவது அதன் குறிக்கோள். 2025 செப்டம்பரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் மணிக்கு 10 கனமீற்றர் ஐதரசனை ஆக்கும் சிறு முன்னோடி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது.

அம்பாறைக் கரைக்கு இதனாற் கிட்டக்கூடியது என்ன? மிகைப்படுத்திக் கூறுதல் நன்றன்று. கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகலை மின்னிலையம் ஏறத்தாழ 11 மெகாவாற்று வலுவுடையது. சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வயலுக்கு நீர் திறக்கும்போது இயங்குவது. அதன் முழு வலுவையும் நீரைப் பிரிப்பதற்கே கொடுத்தாலும், மணிக்கு 44 மூடை யூரியாவுக்கு வேண்டிய ஐதரசனே கிட்டும். இத்தனை வயல்களுக்கு அது எம்மாத்திரம்? ஆகவே பெருமளவு சூரிய மின்சாரம் இன்றி இது கைகூடாது. கிழக்கின் சிறுபோகக் காலம் வெயில் மிகுந்தது. பெரும்போகக் காலமோ வடகீழ்ப் பருவமழையால் முகில் மூடியது. பசளை மிகுதியாக வேண்டும் காலம் பின்னதே. எனவே வெயிற் காலத்தில் ஐதரசனை ஆக்கி, அமோனியாவாக மாற்றிச் சேமித்து, மழைக்காலத்துக்கு வைத்தல் வேண்டும். யூரியாவுக்குக் காபனீரொட்சைட்டும் தேவை. இயற்கை வாயு ஆலைகளில் அது உடன்பிறந்து வருவது, நீரை நம்பும் ஆலைக்கு அதனை வெளியே தேட வேண்டியிருக்கும். நெல் ஆலைகளின் உமியை எரித்துப் பெறும் புகையில் அது உண்டு. அல்லது அமோனியாவை அமோனியம் சல்பேற்றாக்கி இடலாம். அதற்குக் காபனீரொட்சைட்டு வேண்டுவதில்லை. படகுகளுக்கு ஐதரசன் எரிபொருளாவது இதற்கும் பிந்திய கட்டம். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பற்றக்கூடிய அவ்வாயுவைச் சேமிக்கும் கலன்கள் விலை மிக்கவை. கையாள்வோர்க்குப் பயிற்சியும் வேண்டும்.

ஆனால் ஆய்வு என்பது ஆலை எழும்வரை காத்திருக்க வேண்டிய ஒன்றன்று. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி மறு ஆண்டே பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிற் கடற்கரையருகே நிற்கிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியலாளர், நோர்வேயின் பேர்கன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தோடும் தமிழகத்துக் கல்லூரிகளோடும் இணைந்து தூய சக்திக்கான நுண்பொருள்களை ஆராய்ந்து வருகின்றனர். பேர்கனில் அம்முயற்சியை நடத்துபவர் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளை. அரிய கருவிகள் வேண்டும் ஆய்வுகள் பல உண்டு என்பது மெய்யே. ஆனால், ஒரு நிக்கல் வலையில் இரும்பு கலந்த படலத்தைப் படிவித்து, சூரிய ஒளியின் போக்கிலேயே தினமும் எழுப்பி அடக்கி, கரையோர வெம்மையிலும் ஈரத்திலும் உப்புக் காற்றிலும் ஓராண்டு முழுவதும் அதன் அழுத்தத்தை அளந்து ஏட்டிற் பதிந்து வருவதற்கு வேண்டியது பெரும் பணமன்று, பொறுமையே. குளிர்நாட்டு ஆய்வுகூடங்கள் எளிதிற் தர இயலாத அளவீடு அது. உலக அறிவுக்கு இக்கரை வழங்கக்கூடிய பங்கு அத்தகைய நீண்ட சோதனையிலேயே உண்டு.

மின்வாயின் ஆயுள் என்பது ஆய்வேட்டிற் காணும் ஓர் எண்ணாகவே பலருக்குத் தோன்றலாம். ஓராண்டில் தேய்ந்துபோகும் மின்வாய் ஒவ்வோராண்டும் வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட வேண்டும். அந்நிலையிற் பசளைக்காகக் காத்திருந்த விவசாயி இனி மின்வாய்க்காகக் காத்திருப்பான். கப்பலிற் வரும் பண்டம் மாறுமேயன்றிக் காத்திருத்தல் மாறாது. பத்தாண்டு உழைக்கும் மின்வாயை, உலகில் எங்கும் கிடைக்கும் நிக்கலையும் இரும்பையும் கொண்டு, உள்ளூர்க் கைகளே ஆக்கவும் பழுதுபார்க்கவும் கூடுமாயின், அன்றுதான் கிழக்கே கடலும் மேற்கே வாய்க்காலுமாக இக்கரையைச் சூழ்ந்துள்ள நீர் அதன் முழுப் பயனையும் தரும். நிக்கல்சன் கண்ட கறுத்த கம்பியிலிருந்து அந்நாள் வரையிலான வழி நெடிது. எஞ்சிய தூரத்தை அளந்து சொல்லும் நிலையிலேனும் விஞ்ஞானம் இன்று இருக்கிறது.